ஜிட்டர் என்றால் கணப்பிசகு

டிஜிட்டல் ஒலிக்கருவிகளின் விளம்பரங்களில் விலை ஏற ஏற அதிகம் தென்படும் சொல் ‘ஜிட்டர்’. ஜிட்டர் குறைவு, அதனால் பாஸ் (தாழ்ந்த சுரங்கள்) இறுக்கமாகக் கேட்கும், பாட்டுக்கு ஆழம் கூடும் என்றெல்லாம் எழுதுவார்கள். இந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. அளக்க அலகும் உண்டு. அந்த அலகை விடாமல் பிடித்துக்கொண்டால், விலையுயர்ந்த டாக் (டிஜிட்டல் எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கருவி), க்ளாக் (அதற்கு நேரம் குறித்துக்கொடுப்பது), கேபிள் போன்றவற்றால் காதுக்கு வேறுபாடு தெரியுமா என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

ஆங்கிலத்திலேயே இது புதிய சொல்தான். 1920-களில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பதற்றத்தில் வரும் உதறலைக் குறிக்கப் புழங்கத் தொடங்கியது. குளிரில் வெடவெடப்பதைச் சொல்லும் ‘சிட்டர்’ என்ற பழைய சொல்லின் திரிபாக இருக்கலாம் என்பது அகராதிகளின் ஊகம். அலைகாட்டித் திரையில் ஓர் அலை ஒரே இடத்தில் நிற்காமல் இடமும் வலமுமாக உதறியபோது மின்னணுப் பொறியாளர்களுக்கு இந்தச் சொல் கைகொடுத்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதற்கு வரையறை தந்தது: ஒரு நேரக்குறியின் கணங்கள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து குறுகிய காலத்துக்கு விலகுவது ஜிட்டர். அந்த விலகல் நொடிக்குப் பத்து முறைக்கும் குறைவாக, மெதுவாக நடந்தால் அதற்கு ‘வாண்டர்’ என்று வேறு பெயர்.

ஒலியில் இதன் பொருள் என்ன? சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியலையை அளந்து எழுதிய எண்கள். ஒவ்வொன்றையும் 22.7 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை, சரியான கணத்தில் மின்னழுத்தமாக மாற்றுவது டாக்கின் வேலை. ஒரு மாதிரி சற்று முந்தியோ பிந்தியோ வந்தால், எண் சரியாகவே இருந்தும் அலையின் வடிவம் கெடுகிறது. இந்த முந்தல், பிந்தல்தான் ஜிட்டர்.

தமிழில் இதை ‘நடுக்கம்’ என்று எழுதுவதுண்டு. அகராதிக்கு அது சரி, பொருளுக்குச் சரியில்லை. பாடகரின் குரல் நடுங்குவதுபோல ஒலியே நடுங்கும் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும். ‘தாளம் பிசகாமல்’ என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்தப் பிசகுதான் இங்கே பொருந்துகிற சொல். ‘காலப்பிசகு’ என்று சொல்லலாம்தான். ஆனால் இசையில் காலம் என்றால் வேகம். டேப் ஓட்டத்தின் வேகம் ஏறி இறங்குவதற்கு அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்தும், அதை அதற்கே விட்டுவிடலாம். ஒரு மாதிரிக்குரிய கணம் தப்புவதால் ஜிட்டருக்குக் ‘கணப்பிசகு’ என்பதே என் தேர்வு. இணையத் தொடர்பில் சொல்லும் ஜிட்டர் வேறு. தரவுப் பொதிகள் முன்பின்னாக வந்துசேர்வதை அது குறிக்கிறது, மில்லி நொடியில் அளக்கிறார்கள்; அதற்குத் ‘தாமத ஏற்ற இறக்கம்’ போதும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘நெட்வொர்க் ஜிட்டரைக் குறைக்கும்’ என்று விலை கூடிய லேன் கேபிளை இசைக்காக விற்க முடிகிறது.

பதிவான இசையைக் கேட்கும்போது கணப்பிசகு ஒலியைத் தொடுவது ஒரே இடத்தில்தான்: எண் மின்னழுத்தமாக மாறும் அந்த இடத்தில். ஹார்ட் டிஸ்கில் கிடப்பதால் கோப்பில் அது புதிதாகச் சேர்வதில்லை. லேன் வழியாக வரும் தரவு முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் தங்கி, பிறகு டாக்கின் க்ளாக் கேட்கும்போது வெளியேறுகிறது. அசிங்க்ரனஸ் யுஎஸ்பி டாக்கிலும் நேரத்தை நிர்ணயிப்பது டாக்கினுள் இருக்கும் க்ரிஸ்டல் க்ளாக்தான், கணினி அல்ல. எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பில் மட்டும் கவலைக்குக் கொஞ்சம் காரணம் உண்டு. அதில் நேரக்குறியும் தரவும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. பெறும் முனை அதிலிருந்து க்ளாக்கைப் பிரித்தெடுக்கவேண்டும். அந்தச் சுற்று மோசமாக இருந்தால் பிசகு கூடும்.

இனி அளவு. பிழையின் பெருமத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: பிசகின் நேரமும் ஒலியின் அதிர்வெண்ணும். அலை எவ்வளவு செங்குத்தாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு பிழை. முழு அளவிலான 10 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியில் 1 நானோ நொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பிசகினால் பிழை அந்த ஒலியைவிட 84 டெசிபெல் கீழே இருக்கும். 1 கிலோ ஹெர்ட்ஸில் 104 டெசிபெல் கீழே. 50 ஹெர்ட்ஸ் பாஸில் அதே பிசகு 130 டெசிபெல் கீழே போய்விடுகிறது. 16 பிட் சிடியின் இரைச்சலே சுமார் 98 டெசிபெல் கீழேதான் நிற்கிறது. ஆகவே ‘ஜிட்டர் குறைந்ததால் பாஸ் இறுகியது’ என்று யாராவது எழுதினால், கணக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. பிசகு முதலில் தெரியவேண்டியது உச்ச ஸ்வரங்களில்தான். நன்றாக வடிவமைத்த சாதாரண டாக்குகளிலேயே பிசகு 1 நானோ நொடிக்குள் அடங்கிவிடுகிறது.

காது எங்கே கண்டுபிடிக்கிறது? 1998-இல் பெஞ்சமின், கேனன் என்ற ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கணப்பிசகைச் சேர்த்துச் சோதித்தார்கள். உயர் அதிர்வெண் தனிச்சுரத்தில் சுமார் 10 நானோ நொடி தெரிந்தது. இசையில் 20 நானோ நொடிக்குக் கீழே எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 2005-இல் ஜப்பானில் அஷிஹாரா குழு, பழகிய காதுகளைக்கொண்டு இசையில் செய்த சோதனையில் ஒழுங்கற்ற பிசகுக்கான எல்லை பல நூறு நானோ நொடிகளாக இருந்தது. ஒப்புநோக்க, நொடிக்கு 4 முறை 0.1 விழுக்காடு வேகம் மாறும் கேஸட் டெக்கைக் கணக்குப் போட்டால் ஒலியின் கணங்கள் சுமார் 40 மைக்ரோ நொடி, அதாவது 40,000 நானோ நொடி, இடம் மாறும். அதில் இசை கேட்டு உருகியவர்கள்தானே நாம்.

ஆனாலும் இரண்டு டாக்கை மாற்றி மாற்றிக் கேட்கும்போது வேறுபாடு தெரிகிறதே? அது பொய்யல்ல, பெரும்பாலும் ஒலியளவு வேறுபாடு. ஒரு கருவி 2 வோல்ட் தரும், இன்னொன்று 2.5 வோல்ட், இடையே கிட்டத்தட்ட 2 டெசிபெல். இவ்வளவு சிறிய ஏற்றத்தைக் காது ‘சத்தம் கூடியது’ என்று உணராமல் ‘தெளிவு கூடியது’ என்றே பல சமயம் உணரும். எனவே ஒப்பிடும் முன் 1 கிலோ ஹெர்ட்ஸ் சுரத்தை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இரண்டையும் 0.1 டெசிபெலுக்குள் சமப்படுத்துங்கள். அது சுமார் ஒரு விழுக்காடு மின்னழுத்தம்: ஒன்று 2.00 என்றால் மற்றது 2.02-ஐத் தாண்டக்கூடாது. பிறகு எது ஓடுகிறது என்று தெரியாமல், வேறொருவர் மாற்றிவிட, 16 முறை கேட்டு, ஓடுவது எது என்று சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் 12 அல்லது அதற்குமேல் சரியாக வர 4 விழுக்காட்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. 12 வந்தால் உடனே கொண்டாடவேண்டாம். சுவிட்ச் மாறும்போது ‘டிக்’ ஓசை ஏதும் காட்டிக்கொடுத்ததா, வோல்ட் அளவு நகர்ந்ததா என்று பார்த்துவிட்டு இன்னொரு 16 முறை செய்யுங்கள்.

உண்மையான கோளாறுகளுக்கும் ஜிட்டர் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பழுதான யுஎஸ்பி கேபிள் ஒலியை மங்கலாக்காது; ‘டப்’ என்று வெட்டும், அல்லது அடியோடு நிறுத்தும். இடையிடையே ஒலி அறுபட்டால் பஃபர் அளவைக் கூட்டிப் பாருங்கள். மவுஸை நகர்த்தும்போது கீச்சொலி கேட்டாலோ, மெல்லிய ‘ம்ம்ம்’ விடாமல் ஒலித்தாலோ அது எர்த் வழியாக வரும் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் காரணம் உறுதி. ஆப்டிகல் கேபிளில் மின்தொடர்பு இல்லாததால் அதற்கு மாறினாலே அந்த இரைச்சல் போய்விடும். சாதாரண கேபிளே போதும்.