திட்ட மேலாளரை உருவாக்கிய கணக்கு

ரசாயன ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்தினால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். உற்பத்தி நின்றுவிடும், சம்பளம் நிற்காது. வேலை இழுத்துக்கொண்டே போனால் மேலாளர்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே: எல்லாப் பிரிவுக்கும் ஓவர்டைம். அந்தச் செலவில் பெரும்பகுதி வீண் என்று 1950-களின் இறுதியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கால அட்டவணையைக் கட்டி மேய்க்கவே தனி ஆள் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வேகம் பிடித்தது.

அதற்கு முன் அட்டவணையே இல்லாமல் இல்லை. போலந்துப் பொறியாளர் கரோல் அடாமியெட்ஸ்கி 1896-லேயே வேலைகளின் தொடர்பைக் காட்டும் வரைபடம் ஒன்றை வகுத்திருந்தார். ஆனால் புகழ் போய்ச் சேர்ந்தது, 1910-களில் அமெரிக்காவில் பட்டை வரைபடத்தைப் பரப்பிய ஹென்றி கான்ட்டுக்கு. எந்த வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று அவருடைய பட்டைகள் சொல்லும். ஒன்று தாமதமானால் வேறு எதெல்லாம் தள்ளிப்போகும் என்பது மட்டும் அதில் தெரியாது.

1956-57-ல் டூபான்ட் ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், யூனிவாக் கணினியைத் தயாரித்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் கணிதர் ஜேம்ஸ் கெல்லியும் கையில் எடுத்தது இந்தக் குறையைத்தான். டூபான்டிடம் யூனிவாக் கணினி இருந்தது. அதற்குத் தீனி போடப் புதிய வேலைகளையும் தேடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் உருவாக்கிய முறைதான் இன்றைய ‘கிரிட்டிகல் பாத்’. ஒரு சிறிய ஷட்டவுனை, அதாவது பராமரிப்பு நிறுத்தத்தை, எடுத்துக்கொண்டால் முறை விளங்கிவிடும்.

முதலில் ஆலையை நிறுத்தி, குளிரவைத்து, குழாய்களைக் காலி செய்ய 8 மணி நேரம். அது முடிந்ததும் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கலனைத் திறந்து சுத்தம் செய்ய 20 மணி. பம்பைக் கழற்றிப் பழுதுபார்க்க 14 மணி, திரும்பப் பொருத்த 4 மணி. வால்வு மாற்ற 10 மணி. மூன்றும் முடிந்த பிறகே அழுத்தச் சோதனை, 6 மணி. கடைசியில் ஆலையை ஓடவிட 5 மணி.

வேலைகளை வெறுமனே கூட்டினால் 67 மணி வரும். ஆனால் வழி வழியாகக் கூட்டிப் பாருங்கள். கலன் வழி 8+20+6+5, அதாவது 39. பம்பு வழி 37. வால்வு வழி 29. ஷட்டவுன் முடியும் நேரத்தை நிர்ணயிப்பது மிக நீளமான 39 மணி வழிதான்; அதுதான் கிரிட்டிகல் பாத். அதில் ஒரு மணி தாமதமானால் மொத்தமும் ஒரு மணி தாமதம். வால்வுக் குழுவோ 10 மணி தாமதித்தாலும் குடி முழுகாது. இந்த இடைவெளிக்குப் பெயர் ‘ஃபுளோட்’.

இப்போது காசைப் பாருங்கள். கூடுதல் ஆட்களைப் போட்டு கலன் வேலையை 20-லிருந்து 15 மணியாகக் குறைக்கிறீர்கள். ஷட்டவுன் 34 மணியில் முடியுமா? முடியாது, 37 ஆகும். பம்பு வழி இப்போது முன்னுக்கு வந்துவிட்டது. 5 மணிக்கான காசைக் கொடுத்து 2 மணியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். வால்வுக் குழுவுக்கும் ஓவர்டைம் கொடுத்திருந்தால் அது முழுக்கத் தண்டம்.

இன்னொரு பொறியும் இங்கே இருக்கிறது. பம்பு வழியில் உள்ள 2 மணி ஃபுளோட், கழற்றுபவருக்கும் பொருத்துபவருக்கும் பொதுச் சொத்து. முதலாமவர் சாவகாசமாக அதைச் செலவழித்தால் அடுத்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. இருவரிடமும் “உங்களுக்கு 2 மணி இருக்கிறது” என்று தனித்தனியே சொல்லிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரிலுள்ள டூபான்ட் ஆலையில் இந்த முறையைப் பராமரிப்புக்குப் பயன்படுத்தியபோது, சராசரி 125 மணியாக இருந்த நிறுத்தம் 93 மணிக்கு இறங்கியது.

ஏறக்குறைய அதே நேரத்தில், 1958-ல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ முறையை உருவாக்கியது. டூபான்டுக்குத் தெரிந்த வேலை, தெரிந்த நேரம்; கடற்படைக்கோ பல வேலைகள் புதியவை. அதனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பீடுகள் கேட்டார்கள்: எல்லாம் கூடிவந்தால் 12 நாள், வழக்கமாக 18, எல்லாம் சொதப்பினால் 36 என்று வைத்துக்கொள்வோம். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். விடை 20 நாள்.

பெர்ட் கணக்கின் பெரிய ஓட்டை, வழிகள் சந்திக்கும் இடம். ஒன்றையொன்று சாராத மூன்று வழிகள் நேரத்துக்கு முடிய தலா 80 சதவீத வாய்ப்பு என்றால், மூன்றும் சேர்ந்து முடியும் வாய்ப்பு 51 சதவீதம்தான். மிக நீளமான வழியை மட்டும் பார்த்துத் தேதி சொல்பவர் இதைத் தவறவிடுகிறார். போலாரிஸ் 1960 ஜூலையில் நீருக்கடியிலிருந்து வெற்றிகரமாகப் பாய்ந்தது. பெர்ட்டின் புகழும் கூடவே பாய்ந்தது. அந்த வெற்றியில் பெர்ட்டின் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்றும், மேலிடத்தின் தலையீட்டைத் தள்ளிவைக்க அது நல்ல கவசமாக உதவியது என்றும் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கவசமோ கருவியோ, அரசு ஒப்பந்தங்களுக்குள் அது நுழைந்துவிட்டது. 1962-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் பெர்ட்டோடு செலவையும் இணைக்கும் கையேட்டை வெளியிட்டன. வேலைகளின் தொடர்பைக் காட்டும் வலைப்படம் வரைந்து, வாராவாரம் திருத்தி, பல துறைகளிடம் விளக்கம் கேட்கும் ஆள் ஒப்பந்ததாரர்களுக்குக் கட்டாயத் தேவையானார். இப்படிப்பட்டவர்கள் 1965-ல் ஐரோப்பாவில் சங்கம் அமைத்தார்கள். 1969-ல் அமெரிக்காவில் திட்ட மேலாளர்களுக்கான அமைப்பான பிஎம்ஐ தொடங்கியது. அது திட்ட மேலாளர்களுக்கு வழங்கும் பிஎம்பி சான்றிதழுக்கான முதல் தேர்வு 1984-ல் நடந்தது.

1980-களில் மேசைக் கணினி வந்ததும் யூனிவாக் செய்த கணக்கை யாரும் செய்யலாம் என்றானது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்தது. வேலைகளைத் தொடர்புபடுத்தாமல், தேதியைக் கையால் தட்டிப் பூட்டிவிடுகிறார்கள். திரையில் பட்டைகள் அழகாக நிற்கும்; ஒரு வேலை பத்து நாள் தள்ளிப்போனாலும் பக்கத்துப் பட்டை அசையாது. கான்ட் காலத்துக்கே திரும்பிப் போன கதை.

அதனால் அட்டவணை போடும் அனுபவப்பட்ட பிளானர், புதிதாகக் கைக்கு வந்த அட்டவணையில் தேதிகளை அப்புறம்தான் பார்ப்பார். முன்னால் எந்த வேலையும் இல்லாதவை எத்தனை, பின்னால் எதுவும் இல்லாதவை எத்தனை என்று முதலில் எண்ணுவார். தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று இருக்கலாம். மற்றதெல்லாம் அறுந்து தொங்கும் நூல். அப்படி அறுந்த ஒவ்வொன்றுக்கும் முன்னாலோ பின்னாலோ எந்த வேலை வர வேண்டும் என்று களத்தில் இருப்பவரைக் கேட்டு முடிச்சுப் போட்ட பிறகே கணினியைக் கணக்குப் போடச் சொல்வார்.