சட்டையைத் தூக்கி மூச்சைப் பாருங்கள்

கம்பம், கூடலூர் பக்கம் விடியும் முன்பே ஏலத்தோட்ட ஜீப் கிளம்பிவிடும். குமுளி மலை ஏறிய அம்மா வீடு திரும்பச் சாயங்காலம் ஆகும். அதுவரை பிள்ளை அப்பத்தாவிடம். அதனால் இருமும் குழந்தைகள் எங்களிடம் வருவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். "நெஞ்சு பூராச் சளி டாக்டர், ராத்திரியெல்லாம் லொக்கு லொக்குன்னு இருமுறான்" என்பார்கள். நான் முதலில் சட்டையைத் தூக்கி மூச்சைப் பார்ப்பேன். அதை அப்பத்தாவும் வீட்டிலேயே பார்க்கலாம்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 2 மாதம் ஆகாத குழந்தைக்கு 60, அதிலிருந்து 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா, பால் குடிக்க முடியாமல் துவள்கிறதா? நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். 3 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

நிலக்கடலை தின்றுகொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமினால், இருமல் அடங்கிவிட்டாலும் கூட்டி வாருங்கள். கடலை மூச்சுக்குழாயில் தங்கியிருக்கக்கூடும்.

சாதாரணச் சளி இருமல் இரண்டு வாரம்கூட இழுக்கும், தானே போய்விடும். அதற்கு மேல் நீடித்தால் காசநோய், ஆஸ்துமா பற்றி யோசிக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் சிரப். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து குழந்தைகள் இறந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2 வயதுக்குள் இருமல் சிரப் கூடாது, 5 வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது அறிவித்தது. அக்காள் பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருந்த பாட்டிலைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

1 வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் ஒரு சிறு கரண்டி தேன் போதும். அதற்கு முன் தேன் தரவே கூடாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவ வேண்டாம், வலிப்பு வரலாம். வரும்போது கொடுத்த மருந்து எதுவானாலும், குமுளியில் வாங்கியதோ கம்பத்தில் வாங்கியதோ, பாட்டிலோடு கொண்டு வாருங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.