ஸ்போர்ட்ஸ் காரில் தீயணைப்பான்: சாலைச் சட்டம் கேட்காததும் பந்தய விதி கேட்பதும்

இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்யப்பட்ட கார், சில லட்சம் ரூபாய் ஹேட்ச்பேக்காக இருந்தாலும் சில கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் காராக இருந்தாலும், அதில் தீயணைப்பான் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பெல்ஜியம், போலந்து போன்ற நாடுகளில் எல்லாக் கார்களுக்கும் அந்தக் கட்டாயம் உண்டு. இங்கோ அது பயணிகளை ஏற்றும் பேருந்துகளோடும், தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் சிறப்பு விதிகளுக்கு உட்பட்ட பள்ளி வாகனங்கள் போன்றவற்றோடும் நின்றுவிடுகிறது. ஆனால் அதே ஸ்போர்ட்ஸ் கார் சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்திலோ, சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நடக்கும் ராலி பந்தயத்திலோ போட்டிக்கு இறங்குமானால், தீயணைப்பான் இருக்கிறதா என்று மட்டுமல்லாமல், எந்த வகை, எவ்வளவு, எதைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது, கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்பது வரை கேள்வி எழும்.

அந்தக் கேள்விகளுக்கு மூலம், உலக மோட்டார் விளையாட்டை நெறிப்படுத்தும் எஃப்ஐஏ அமைப்பின் சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பில், பின்னிணைப்பு 'ஜே'யின் 253ஆம் பிரிவு. பந்தயக் கார்களின் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றிய அந்தப் பிரிவில் ஏழாவது உட்பிரிவு தீயணைப்பான்களுக்கு உரியது. எஃப்ஐஏவின் அங்கீகாரத்தோடு இந்தியாவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ கூட்டமைப்பின் போட்டிகளிலும் இந்தப் பிரிவே அடிப்படை என்றாலும், ஒவ்வொரு போட்டிக்கும் தனியாக வெளியிடப்படும் துணை விதிகளில் சில கூடுதல் நிபந்தனைகளோ தளர்வுகளோ இருக்கலாம். ஆகவே நுழைவுக் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே துணை விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

விதி இரண்டு வகைச் சாதனங்களைப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று, கையால் எடுத்து அடிக்கும் சிலிண்டர். மற்றொன்று, காரிலேயே குழாய்களோடு நிலையாகப் பொருத்தப்பட்டு, ஒரு விசையை அழுத்தியதும் ஓட்டுநர் பகுதியிலும் எஞ்சின் பகுதியிலும் ஒரே நேரத்தில் பீய்ச்சும் அமைப்பு. ராலியில் ஓடும் காருக்கு இரண்டும் வேண்டும். மூடிய ஓடுதளத்தில் நடக்கும் சர்க்யூட் பந்தயத்துக்கும், மலைப்பாதையில் கார் ஏறும் போட்டிக்கும் இரண்டில் ஒன்று போதும். இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சர்க்யூட்டில் குறிப்பிட்ட இடைவெளிகளில் மார்ஷல்கள் எனப்படும் பாதுகாப்புப் பணியாளர்கள் தீயணைப்பான்களோடு நிற்கிறார்கள். ராலியில் காட்டுப் பாதையின் நடுவே கார் நின்றுபோனால், அங்கே இருக்கும் தீயணைப்புப் படை ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் மட்டுமே.

கையால் இயக்கும் தீயணைப்பானில் பவுடர் என்றால் குறைந்தது 2 கிலோ, ஏஎஃப்எஃப்எஃப் எனப்படும் நுரைக் கரைசல் என்றால் குறைந்தது 2.4 லிட்டர் இருக்க வேண்டும். இவை தவிர எஃப்ஐஏ ஏற்றுக்கொண்ட சில வணிகப் பெயர் கொண்ட பொருள்களும் 2 கிலோ அளவில் அனுமதிக்கப்படுகின்றன. கடைகளில் கிடைக்கும் அரைக் கிலோ, ஒரு கிலோ சிலிண்டர்களும், வாசனைத் தெளிப்பான் அளவிலான சிறு குப்பிகளும் சாலைப் பயணத்துக்கு ஓரளவு உதவினாலும் இந்த விதியின் கணக்கில் சேரா. பிசிஎஃப், என்ஏஎஃப் ஆகிய இரண்டு பொருள்களை விதி பெயர் சொல்லியே தடை செய்கிறது. என்ஏஎஃப் என்பது ஹேலானுக்கு மாற்றாக வந்த ஒரு வாயுக் கலவை. பிசிஎஃப் என்பது ஹேலான் 1211 என்ற வாயு. தீயை அணைப்பதில் பிசிஎஃப்புக்கு நிகரானவை குறைவு என்றாலும், ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலகெங்கும் அதன் உற்பத்தி படிப்படியாக நிறுத்தப்பட்டது. பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கும்போது சீட்டுக்கு அடியில் அந்தக் காலத்துச் சிலிண்டர் ஒன்றும் சேர்ந்து வருமானால், அது சேகரிப்பாளருக்குப் பிடித்தமான பொருளாக இருக்கலாமே தவிர, போட்டிக்கு உதவாது.

சிலிண்டரின் மேல் நான்கு விவரங்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்: கொள்ளளவு, உள்ளே இருக்கும் பொருளின் வகை, அதன் எடை அல்லது பரும அளவு, அடுத்த பரிசோதனைக்கான தேதி. அந்தத் தேதி, நிரப்பிய நாளிலிருந்தோ கடைசிப் பரிசோதனையிலிருந்தோ இரண்டு ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ஏஎஃப்எஃப்எஃப் சிலிண்டராக இருந்தால் அழுத்தத்தைப் பார்த்தறியும் வசதியும் இருந்தாக வேண்டும். ஸ்க்ரூட்டினியரிங் என்று சொல்லப்படும் போட்டிக்கு முந்தைய சோதனையில் முதலில் பார்க்கப்படுவது இந்த லேபிள்தான். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறது என்று வாதாடுவதில் பயனில்லை. பவுடர் ஒரே இடத்தில் இறுகிப்போனதை அழுத்தமானி காட்டாது.

இந்த உட்பிரிவில் மிகவும் குறைவாக மதிக்கப்படுவதும், என் கருத்தில் மிகவும் முக்கியமானதும், சிலிண்டரைப் பொருத்தும் முறை பற்றிய பகுதிதான். புவியீர்ப்பின் 25 மடங்குக்கு இணையான வேகக்குறைப்பைத் தாங்கும்படி அது பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்றும், உலோகப் பட்டைகளும், ஒரே இழுப்பில் விடுபடக்கூடிய குறைந்தது இரண்டு உலோகக் கொக்கிகளும் மட்டுமே ஏற்கப்படும் என்றும் விதி சொல்கிறது. 2 கிலோ பவுடர் கொண்ட சிலிண்டரின் மொத்த எடை, உலோக உடலையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்றரை கிலோ. மோதலில் 25 மடங்கு என்றால், கிட்டத்தட்ட 90 கிலோ எடை தொங்குவதற்குச் சமமான விசை அந்தப் பட்டைகளின் மேல் விழுகிறது. சிலிண்டரோடு இலவசமாக வரும் மெல்லிய தகட்டுத் தாங்கி சமையலறைச் சுவரில் மாட்டுவதற்கு உகந்தது. காரில் அது அறுந்தால், தீயணைப்பான் நேராக ஓட்டுநரின் மேல் பாயும் எறிபொருளாகிவிடும். மோதல் இல்லாவிட்டாலும், தளர்ந்து உருண்ட சிலிண்டர் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் விளைவு அதைவிடக் குறைந்ததாக இருக்காது. ஆகையால் தாங்கியைக் கம்பளத்தின் மேல் திருகாணியால் முறுக்கிவிடாமல், உடற்கூட்டின் உலோகத்திலோ சீட்டின் அடிச்சட்டப் போல்ட்டுகளிலோ பிணைக்க வேண்டும். சாலையில் ஓடும் காரில் அவ்வாறு செய்யும்போது சீட் முன்பின் நகர்வதற்கும், சீட்டுக்கு அடியில் செல்லும் ஏர்பேக் வயர்களுக்கும் இடையூறு நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநருக்கும் இணை ஓட்டுநருக்கும் எளிதில் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. டிக்கியில் வைப்பது பெயருக்கு வைப்பதுதான். எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களில் முன்பக்கப் பெட்டியில் வைத்தாலும், பூட்டைத் திறந்து பைகளை விலக்குவதற்குள் தீ தன் வேலையை முடித்துவிடும்.

நிலையாகப் பொருத்தப்படும் அமைப்பைப் பொறுத்தவரை, எஃப்ஐஏவின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதைத்தான் வாங்க முடியும். சீட் பெல்ட் முழுவதும் பூட்டிய நிலையில், இயல்பாக உட்கார்ந்தபடியே ஓட்டுநர் அதை இயக்க முடிய வேண்டும். வெளியிலிருந்து இயக்கும் விசையும் வேண்டும். அது மின் துண்டிப்பு விசைக்கு அருகிலோ அதனோடு இணைந்தோ இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காட்ட, சிவப்பு விளிம்புடைய வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பு நிறத்தில் ஆங்கில 'இ' எழுத்து ஒட்டப்படுகிறது. வட்டத்தின் விட்டம் குறைந்தது 10 சென்டிமீட்டர். கார் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தாலும் அமைப்பு இயங்க வேண்டும் என்பதும், பீய்ச்சும் முனைகள் உள்ளே இருப்பவர்களின் தலையை நேராக நோக்கியிருக்கக் கூடாது என்பதும் மற்ற நிபந்தனைகள்.

கவிழ்ந்த காரைப் பற்றிய நிபந்தனை மிகையாகத் தோன்றினால், 1973 ஜூலை 29 அன்று ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட்டில் நடந்த ஃபார்முலா ஒன் கிராண்ட் பிரீ பந்தயத்தைப் பார்க்கலாம். ரோஜர் வில்லியம்சனின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து எரியத் தொடங்கியபோது, மற்றொரு போட்டியாளரான டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடி, அதை நிமிர்த்தத் தனியே முயன்றார். மார்ஷலிடமிருந்து தீயணைப்பானைப் பிடுங்கி அடித்தும் பார்த்தார். ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் செய்வதற்கு எதுவும் இல்லாமல் போனது, வில்லியம்சன் இறந்தார். 2 கிலோ பவுடர் சிலிண்டர் தொடர்ந்து பீய்ச்சுவது ஏறத்தாழ பத்து விநாடிகள்தான். தொடக்க நிலைத் தீயை அடக்கவும், உள்ளே இருப்பவர் வெளியேற வழி செய்யவும் அது போதும். முற்றிலும் பற்றிக்கொண்ட காரைக் காப்பாற்ற அது வடிவமைக்கப்படவில்லை.

பந்தயத்துக்குப் போகாமல், விரும்பித் தன் காரில் வைத்துக்கொள்ள நினைப்பவர் ஐஎஸ் 15683 என்ற தர எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள ஏபிசி பவுடர் சிலிண்டரை வாங்கலாம். துணி, ரப்பர் போன்ற திடப்பொருள், பெட்ரோல், எரிவாயு ஆகிய மூவகைத் தீக்கும் அது பயன்படும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பம் வெளியே இருப்பதைவிட வெகுவாக உயர்ந்துவிடும் என்பதால், லேபிளில் உள்ள வெப்பநிலை வரம்பையும் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தையும் மின் இணைப்புகளையும் அரிக்கும் என்று சிலர் தயங்குவது நியாயமே. ஆனால் எரிந்த எஞ்சினைவிட அரித்த எஞ்சின் மலிவு. எஞ்சின் மூடிக்கு அடியில் புகை தெரிந்தால் மூடியை அகலத் திறக்கக் கூடாது. காற்று புகுந்ததும் தீ மேலெழும் என்பதால், தாழ்ப்பாளை விடுவித்த அளவு இடைவெளி வழியே அடிப்பதே முறை. மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் லித்தியம் பேட்டரி எரியும்போது பவுடர் உள்ளிருக்கும் வெப்பத்தைத் தணிக்காது. அங்கே விலகி நின்று தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைப்பதுதான் செய்யக்கூடியது.

தீயால் தன் காருக்கு ஏற்பட்ட இழப்பு முழுமைக் காப்பீட்டில் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு அது கிடைக்காது. போட்டியில் ஓடும்போது நேர்ந்த சேதமோ வழக்கமான கார்க் காப்பீட்டுக்குள் வருவதில்லை.

வாங்கிய பவுடர் சிலிண்டரை வேலை செய்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் கூடாது. அரை விநாடி அழுத்தினாலும் வால்வின் இடுக்கில் பவுடர் தங்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும். அவ்வாறு அழுத்தியிருந்தால் அதை மீண்டும் நிரப்பி, புதிய தேதியோடு லேபிள் ஒட்டிய பிறகே காரில் பொருத்த வேண்டும்.