கருவியைச் சொன்னார்கள், எண்ணெயைச் சொல்லத் தயங்கினார்கள்

2019 ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 19 வயது இளைஞர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. இருமல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டு நாள் முன்பு வேறோர் அவசரப் பிரிவில் வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் வந்தபோது விரல்நுனியில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவை 84 என்று காட்டியது. சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரல்களும் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிக் கிடந்தன. கிருமி எதுவும் பிடிபடவில்லை. ஆன்டிபயாடிக் மருந்துக்கும் அசைந்துகொடுக்கவில்லை.

நான் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நுரையீரல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் நோயாளிகளை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

புகைபிடிப்பீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். இ-சிகரெட்? பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். எப்போதாவது, புதினா வாசனை உள்ளது, வெறும் நிகோடின்தான் என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். மறுநாள் இரவு, அம்மா வீட்டுக்குப் போன பிறகு, இரவுப்பணிச் செவிலியரிடம் அவராகவே உண்மையைச் சொன்னார். மூன்று மாதமாகத் தினமும் கஞ்சா எண்ணெய் அடைத்த கார்ட்ரிட்ஜை, அதாவது இ-சிகரெட் போன்ற கருவியில் மாட்டும் சிறு குப்பியை, இழுத்துக்கொண்டிருந்தார். நண்பனின் நண்பன் விற்றது. கைப்பேசியில் படம்கூட இருந்தது. நல்ல தரமான எண்ணெய் என்பதற்கு அவர் வைத்திருந்த சோதனையையும் செவிலியரிடம் விளக்கியிருக்கிறார்: கார்ட்ரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மெதுவாக, தேனில் ஏறுவதுபோல் ஏற வேண்டும். விறுவிறுவென்று ஏறினால் தண்ணீர் கலந்த மட்டமான எண்ணெய்.

அந்தக் குமிழிச் சோதனையில்தான் சூட்சுமமே இருந்தது. விற்பவனுக்கும் அந்தச் சோதனை தெரியும். விலையுயர்ந்த கஞ்சா எண்ணெயைக் குறைத்து, அதே அளவு கெட்டியாக இருக்கும் வேறொன்றைச் சேர்த்துவிட்டால் குமிழி பொய் சொல்லும். அப்படிச் சேர்க்கப்பட்டது வைட்டமின் இ அசிடேட். முகத்தில் தடவும் களிம்புகளிலும், விழுங்கும் சத்து மாத்திரைகளிலும் இருக்கும் அதே பொருள்தான். தோலிலும் குடலிலும் அது பெரிய தொல்லை தருவதில்லை. சூடாக்கி மூச்சுக்குள் இழுத்தால் கதை வேறு.

இந்த நோய்க்கு ஈவாலி என்று பிறகு பெயர் வைத்தார்கள். இ-சிகரெட் அல்லது வேப்பிங் பொருள்களின் பயன்பாட்டோடு தொடர்புடைய நுரையீரல் காயம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். வேப்பிங் என்றால் திரவத்தைக் கருவியில் சூடாக்கி ஆவியாக இழுப்பது. பெயரிலேயே என் மனக்குறை இருக்கிறது: அது கருவியைச் சொல்கிறது, உள்ளே இருந்த எண்ணெயைச் சொல்லவில்லை. அதற்கு முன், நடந்தது என்ன என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

2019 ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், ஆரோக்கியமாக இருந்த பதின்வயதினர் அடுத்தடுத்து மூச்சுத்திணறலோடு வருவதைக் கவனித்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருந்தது வேப்பிங். மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. ஜூலை 25 அன்று மருத்துவர்களுக்கு எச்சரிக்கை வந்தது. இந்த இடத்தில் மனதாரப் பாராட்டுகிறேன். வெவ்வேறு படுக்கைகளில் கிடந்த சில பிள்ளைகளை ஒரே நோயாகப் பார்க்கும் கண் எல்லோருக்கும் வாய்க்காது. ஆகஸ்ட் 23 அன்று இல்லினாய் மாநிலம் முதல் மரணத்தை அறிவித்தது. செப்டம்பர் 5 அன்று நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை, தன் ஆய்வகத்தில் சோதித்த கஞ்சா கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் வைட்டமின் இ அசிடேட் அதிக அளவில் இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னது.

அதற்கு மறுநாள், செப்டம்பர் 6. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., விசாரணை முடியும்வரை இ-சிகரெட் பொருள்கள் எதையும் பயன்படுத்தாமல் இருப்பது பற்றி மக்கள் யோசிக்க வேண்டும் என்றது. அதே நாளில் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., தெருவில் வாங்கிய கஞ்சா எண்ணெயைத் தொடாதீர்கள் என்று குறிப்பாகச் சொன்னது. இல்லினாய், விஸ்கான்சின் மாநிலங்களின் 53 நோயாளிகளைப் பற்றிய முதல் ஆய்வறிக்கையும் அன்றுதான் வெளியானது. அதில் 84 சதவீதம் பேர் டி.எச்.சி., அதாவது கஞ்சாவின் போதைப்பொருள், உள்ள பொருள்களைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே நாளில் மூன்று குரல்கள். தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டையில் ஓடியது ஒன்றுதான்: வேப்பிங் உயிரைக் கொல்கிறது.

செப்டம்பர் முதல் வாரத்தில் அப்படிப் பொதுவாக எச்சரித்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், காரணம் உறுதியாகவில்லை. 16 சதவீதம் பேர் டி.எச்.சி.யைத் தொடவே இல்லை என்றால் நிகோடின் திரவத்தில் ஏதோ இருக்கலாம் என்ற சந்தேகம் நியாயமானது. அதோடு, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் கஞ்சா சட்டவிரோதம். என் நோயாளி அம்மா முன்னால் சொன்ன பொய்யை எத்தனை பேர் அதிகாரிகள் முன்னால் சொல்லியிருப்பார்கள்? கணக்கெடுப்பவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் காகிதத்தில் எழுதியிருப்பதைத்தானே அவர்கள் எண்ண முடியும்.

சிக்கல் அதற்கடுத்த வாரத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் இ-சிகரெட் பயன்படுத்துவதாகத் தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது 11.7 சதவீதம். பழ வாசனையும் இனிப்பும் சேர்த்து நிகோடினைப் பிள்ளைகளின் பைக்குள் கொண்டுசேர்த்த வியாபாரம் அது. கண்டிக்க வேண்டியது, தடுக்க வேண்டியது. ஆனால் அது வேறு நோய். செப்டம்பர் 11 அன்று வெள்ளை மாளிகை, வாசனை சேர்த்த இ-சிகரெட்டுகளைச் சந்தையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தபோது, பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. மாம்பழ வாசனை நுரையீரலைக் கரிக்கிறது என்று என்னிடமே படித்தவர்கள் சொன்னார்கள். செப்டம்பர் 24 அன்று மாசசூசெட்ஸ் ஆளுநர் அவசரநிலை அறிவித்து, எல்லா வேப்பிங் பொருள்களின் விற்பனையையும் நான்கு மாதங்களுக்கு நிறுத்தினார். கடைக்கதவு மூடியது. நண்பனின் நண்பனுக்குக் கடையே கிடையாது, அவன் எதை மூடுவான்?

அக்டோபரில் என்னிடம் வந்த இளம்பெண்ணை இன்னும் மறக்க முடியவில்லை. வயது 22. அதே மங்கிய ஸ்கேன், அதே வாந்தி, அதே காய்ச்சல். செய்தி கேட்கவில்லையா என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன். கேட்டேன் டாக்டர், அன்றைக்கே நிகோடின் கருவியைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றார். அப்புறம் எப்படி? இது இ-சிகரெட் இல்லையே, கஞ்சா கார்ட்ரிட்ஜ்தானே என்றார். அவர் வட்டாரத்தில் அந்தப் பொருளை யாரும் இ-சிகரெட் என்று அழைப்பதில்லை. எச்சரிக்கையை அவர் கேட்டார், நம்பினார், கீழ்ப்படிந்தார். தூக்கி எறிந்தது தவறான பொருளை. அந்தக் கோபத்தை நான் காட்டியிருக்க வேண்டியது அவரிடம் இல்லை.

நியாயமாகச் சொன்னால், செப்டம்பர் 27 அன்றே சி.டி.சி. தன் அறிவுரையில், குறிப்பாக டி.எச்.சி. உள்ளவற்றை என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்திருந்தது. நீண்ட வாக்கியத்தின் நடுவில் அந்தக் ‘குறிப்பாக’ உட்கார்ந்திருந்தது. மருத்துவர்கள் நாங்கள் அடிக்கோடிட்டுப் படித்தோம். 22 வயதுப் பெண் எதற்காகப் படிக்கப்போகிறார்?

நவம்பர் 8 அன்று சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. 10 மாநிலங்களைச் சேர்ந்த 29 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்தார்கள். 29 பேரிடமும் வைட்டமின் இ அசிடேட். டி.எச்.சி. எடுக்கவே இல்லை என்று சொல்லியிருந்த 3 பேரின் திரவத்திலும் டி.எச்.சி.யின் தடயம் இருந்தது. டிசம்பரில் வெளியான பெரிய ஆய்வில் 51 நோயாளிகளில் 48 பேரிடம் அந்தப் பொருள் கிடைத்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஆரோக்கியமான 99 பேரில் ஒருவரிடம்கூட இல்லை. வேறு வேதிப்பொருள்களுக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது என்று சி.டி.சி. அடக்கமாகவே எழுதியது. அறிவியலாக அது சரி. ஆனால் பொதுமக்களுக்கான வாக்கியம் இன்னும் கருவியைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்களே, அந்தக் கதைதான்.

எல்லா இ-சிகரெட்டுகளையும் தவிர்க்கச் சொன்ன பொதுப் பரிந்துரையைச் சி.டி.சி. விலக்கிக்கொண்டு, டி.எச்.சி. பொருள்களை, குறிப்பாக நண்பர்கள், தெரு வியாபாரிகள், இணையம் வழியாக வாங்கியவற்றைத் தவிர்க்கும்படி திருத்திச் சொன்னது 2020 ஜனவரி 17 அன்று. அதே நாளில் அதே அமைப்பு இன்னோர் அறிவிப்பையும் வெளியிட்டது: வூஹானிலிருந்து வரும் பயணிகளை மூன்று அமெரிக்க விமான நிலையங்களில் பரிசோதிக்கப்போகிறோம் என்று. எந்தச் செய்தி தலைப்பானது என்று சொல்லவேண்டியதில்லை. முதல் எச்சரிக்கை முரசறைந்து வந்தது. திருத்தம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்து போனது.

பிப்ரவரி 18 நிலவரப்படி 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 29 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் சேர்த்து 68 மரணங்கள். பாதிக்கப்பட்டவர்களின் இடைநிலை வயது 24. அத்தோடு தேசிய அளவிலான கணக்கெடுப்பை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் நோய் நிற்கவில்லை. 2020 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் 8 பேர் ஈவாலியோடு மருத்துவமனையில் சேர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. கொரோனா அலையின் நடுவே காய்ச்சலும் மங்கிய ஸ்கேனுமாக வருபவரைப் பார்த்து வேறு எதை யாருக்கு நினைக்கத் தோன்றும்?

குழப்பத்தின் மறுபக்கத்தில் நின்றவர்களையும் சொல்லவேண்டும். ஐம்பதுகளின் பிற்பகுதியில் இருந்த என் நோயாளி ஒருவர், முப்பது ஆண்டு சிகரெட்டை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாகக் கடையில் வாங்கிய நிகோடின் திரவத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மூச்சுத்திறன் சோதனையில் சரிவு நின்றிருந்தது. நவம்பரில் வந்தபோது சட்டையில் சிகரெட் வாடை. பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்து, இது எப்படிக் கொல்லும் என்றாவது எனக்குத் தெரியும் என்றார். பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இ-சிகரெட் தீங்கற்றது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. புகைக்காதவர் அதைத் தொடவே வேண்டாம். ஆனால் சிகரெட்டில் புகையிலை எரிகிறது, தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிலிருந்து வருகின்றன. அவரை அங்கே திருப்பி அனுப்பிய எச்சரிக்கையை வெற்றி என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

நிகோடின் திரவம்தான் காரணமாக இருந்திருந்தால், அதே கருவிகள் லட்சக்கணக்கில் புழங்கும் பிரிட்டனிலும் இப்படியொரு அலை எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அங்கே நிகோடின் திரவங்களில் வைட்டமின்களைச் சேர்க்க அனுமதி கிடையாது, நிகோடின் அளவுக்கும் வரம்பு உண்டு. இந்த ஒப்பீட்டை 2019இன் இலையுதிர்காலத்தில் நோயாளிகளிடம் நான் அடிக்கடி சொன்னேன். அதிகாரபூர்வமான மேடையிலிருந்து அதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

இனி, படிப்பவர்களுக்கு நேரடியாக. கடந்த மூன்று மாதங்களில் எந்த வகை வேப்பிங் செய்திருந்தாலும், இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவற்றோடு காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் காத்திருக்காதீர்கள். வயிற்று உபாதை முதலில் வருவதால்தான் பலர் முதல் தடவை தப்பாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மருத்துவரிடம் எதை இழுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அம்மா இருந்தால் வெளியே அனுப்பச் சொல்லுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மிச்சமிருக்கும் கார்ட்ரிட்ஜைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். 2019இல் சோதனைக்கு வந்த பலவற்றில் சோதிக்கப் போதுமான திரவமே இருக்கவில்லை. இந்த நோயை உறுதிசெய்யத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத்தான் இங்கே வந்து சேர்கிறோம். ஆகவே உங்கள் வாய்மொழிதான் எங்களுக்குப் பாதிச் சோதனை. பலருக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் தேறுகிறது, சிலருக்கு வென்டிலேட்டர்வரை போகிறது.

அந்த 19 வயது இளைஞர் பதினோராம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். எங்கள் மருத்துவமனைக் கணினிப் படிவத்தில் இன்றும் ‘இ-சிகரெட்: ஆம், இல்லை’ என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மாறும்வரை, கீழே இருக்கும் குறிப்புப் பெட்டியில் ஒவ்வொரு நோயாளிக்கும் நானே தட்டச்சு செய்துகொள்கிறேன்: உள்ளே இருந்தது என்ன, யாரிடம் வாங்கியது, கேட்டபோது அறையில் வேறு யார் இருந்தார்கள்.