சூரியப் புடைப்பு

முழுச் சூரிய கிரகணத்தின்போது நிலவின் கரிய விளிம்பில் இளஞ்சிவப்பாக நாக்கு நாக்காக ஏதோ துருத்திக்கொண்டு தெரியும். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ப்ராமினென்ஸ்'. முன்னால் நீட்டி நிற்பதைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் இதை நான் 'புடைப்பு' என்கிறேன். 'சுவாலை' என்று எழுதுவதும் உண்டு. பார்வைக்குச் சரிதான், ஆனால் அங்கே எதுவும் எரியவில்லை. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டால் அது ஆறிப்போன பொருள்.

சுற்றுப்புறம் என்பது கொரோனா, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலம். லத்தீனில் மகுடம். (வைரஸுக்கும் அதே மகுடம்தான், பாவம் சூரியன்.) மகுடத்தின் வெப்பநிலை 10 முதல் 20 லட்சம் கெல்வின். அதன் நடுவே தொங்கும் புடைப்போ சுமார் 8,000 கெல்வின்தான். அடர்த்தி மட்டும் நூறு மடங்கு அளவுக்குக் கூடுதல்.

இந்த வித்தியாசம் நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும்போது, பளிச்சென்று தெரிகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரில் கிரகணம் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ழான்சென், புடைப்புகளில் ஹைட்ரஜனின் ஒளிக்கோடுகளைக் கண்டார். ஹைட்ரஜன் தன் ஒற்றை எலக்ட்ரானை இழக்காமல் இருந்தால்தான் அவை வரும். அடுத்த ஆண்டு கிரகணத்தில் மகுடத்தில் ஒரு பச்சைக் கோடு சிக்கியது. புதுத் தனிமம் என்று நினைத்து 'கொரோனியம்' எனப் பெயரும் வைத்துவிட்டார்கள். கடைசியில் 1940 வாக்கில்தான் தெரிந்தது, அது 13 எலக்ட்ரான்களைப் பறிகொடுத்த இரும்பு! அவ்வளவையும் உரிக்க லட்சக்கணக்கான கெல்வின் வேண்டும்.

சரி, அத்தனை சூட்டுக்குள் இது எப்படிக் கொதித்துப்போகாமல் இருக்கிறது? காந்தப்புலம்தான் காரணம். மகுடத்தில் வெப்பம் காந்தக்கோடுகளின் வாக்கில் ஓடுமே தவிர, குறுக்கே எளிதில் கடக்காது. மீறி வருவதையும் அடர்த்தியான புடைப்பு ஒளியாக உமிழ்ந்துவிடுகிறது. புடைப்புக்கும் மகுடத்துக்கும் நடுவில் வெப்பநிலை சடாரென்று ஏறும் மெல்லிய பகுதியை 'இடைமாற்று அடுக்கு' எனலாம். அது பெரும்பாலும் புற ஊதாவில் ஒளிர்வதால் செயற்கைக்கோளிலிருந்துதான் பார்க்க முடியும்.

'புடைப்பு' எனக்குப் பிடித்த சொல். வாசல் நிலையில் இடித்துக்கொண்டால் நெற்றி புடைக்கிறதே, அந்த வினைதான். சூடு, குளிர் எதையும் சொல்லாமல் வடிவத்தை மட்டும் சொல்கிறது, லத்தீன் மூலத்தைப் போலவே. இதே பொருள் சூரிய வட்டத்துக்கு முன்னால் வந்தால் கரிய கோடாகத் தெரியும். அதற்கு 'இழை' என்று பெயர். கொடைக்கானல் வானாய்வகத்தில் 1912 முதல் எடுத்த ஹைட்ரஜன்-ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்கோடு) படங்களில் இந்த இழைகள் ஏராளம். சுவாலை என்று எழுதிப் பழகியவருக்கு அந்தக் கருப்பை விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.