அப்புச்சிக்கு மட்டும் ஸ்டார்ட் ஆகும் புல்லட்

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க அப்புச்சி, அம்மாவோட அப்பா, போலீஸ்ல இருந்தவர். ஒல்லி உடம்பு, எழுபதைத் தாண்டிட்டார். அவரோட பழைய புல்லட் அவருக்கு ஒரே மிதியில ஸ்டார்ட் ஆயிடுது. ஜிம்முக்குப் போற நான் எத்தனை மிதிச்சாலும் அசைய மாட்டேங்குது. வண்டிக்கும் ஆளுக்கும் ராசி இருக்கோணும்னு அம்மாயி சொல்றாங்க. நிஜமா?"

ராசியெல்லாம் இல்லை தம்பி. அப்புச்சி மிதிப்பதற்கு முன்னால் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்கிறார். அடுத்த முறை அவர் காலைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற, பேட்டரிக்கு மின்சாரம் போகிறதா வருகிறதா என்று காட்டும் ஆம்பியர் மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு வீச்சு இன்ஜின் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உறிஞ்சு, அமுக்கு, வெடி, வெளியேற்று. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வெடி. புல்லட் 350-இல் சிலிண்டர் ஒன்றே ஒன்று. விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ., கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். ஆக்சிலரேட்டரைத் திருகாமல் சும்மா ஓடும் ஐடிலில் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்தால் நொடிக்கு ஏழெட்டு வெடி. அவ்வளவு நிதானமாக வருவதால்தான் ஒவ்வொரு வெடியும் காதில் தனித்தனியாக 'டுபு டுபு' என்று விழுகிறது. சரி, இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த இடம் ஸ்பார்க் பிறக்கும் விதம்.

பேட்டரியில் இருப்பது 6 அல்லது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். நடுவில் 'காயில்' என்ற கம்பிச்சுருள் இருக்கிறது. அதற்குள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுற்றில் மின்சாரம் ஓடும்போது பிளக்கில் ஒன்றுமே நடக்காது. இரும்புக்குள் காந்தப் புலம் மட்டும் சேர்ந்துகொண்டிருக்கும். அந்த மின்சாரத்தைப் பட்டென்று வெட்டினால் புலம் சரிந்து விழும். புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னழுத்தம் என்று ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்தார். மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எகிறும், பிளக்கில் பொறி தெறிக்கும். ஆக, மின்சாரத்தை நிறுத்துவதுதான் பொறியைக் கொடுக்கிறது. பத்தாம் வகுப்பில் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பின்னாளில் ஒரு ஒர்க் ஷாப்பில், மின்சாரத்தை வெட்டும் 'பாயின்ட்' என்ற சுவிட்சின் மூடியைக் கழற்றிக் காட்டினார்கள். கேம் என்ற புடைப்புள்ள சக்கரம் மெதுவாகச் சுற்றி வந்து, பட்டாணியைவிடச் சின்னதான இரண்டு உலோகப் பொட்டுகளை நகக்கண் அளவுகூட இல்லாமல் விலக்குகிறது. அந்தப் பிரிவில்தான் மொத்த வண்டியும் உயிர் பெறுகிறது. பொட்டுகளுக்கு நடுவிலேயே பொறி பறந்து வெட்டு இழுபட்டுப் போகாமல் இருக்கத்தான் கன்டன்சர்.

இப்போது மீட்டருக்கு வருவோம். சாவியைப் போட்டதும் பாயின்ட் மூடியிருந்தால் காயிலுக்குள் மின்சாரம் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக, மிகமெதுவாக அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் நடுவுக்குத் துள்ளி வரும். பாயின்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். புல்லட்டில் அந்த கேம், கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவது; ஒரு வெடிக்கு ஒருமுறைதான் பாயின்ட்டைத் திறக்கும். அதனால் முள் நடுவுக்கு வந்தால், அமுக்க வீச்சின் உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இன்ஜினைத் திறக்காமலே பிஸ்டனைப் பார்த்துவிடுகிறார் அப்புச்சி!

அங்கே வந்ததும் இடது கைப்பிடியில் உள்ள டிகம்ப்ரஷன் லீவரை இழுப்பார். சிலிண்டர் தலையில் உள்ள குட்டி வால்வு திறந்து காற்று 'புஸ்' என்று வெளியேறும். கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, பிஸ்டனை உச்சிக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு லீவரை விடுவார். கிக்கர் மேலே வந்ததும் முழு வீச்சில் ஒரே மிதி.

இதில் என்ன லாபம்? உச்சியைத் தாண்டிய பிஸ்டன் அடுத்த அமுக்கத்தைச் சந்திப்பதற்குள், பெரிதாகத் தடை எதுவும் இல்லாத ஒன்றரைச் சுற்று கிடைக்கிறது. அதற்குள் கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீல் வேகம் பிடித்துவிடும். சுழல் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. வாய்க்காலைத் தாண்ட நாலு எட்டு பின்னால் போய் ஓடி வருவோமே, அந்தக் கணக்குதான். நீங்கள் பிஸ்டன் அமுக்கத்தின் பாதியில் நிற்கும்போது வாய்க்கால் கரையில் நின்றபடியே குதிக்கிறீர்கள். ஜிம் உடம்பு அங்கே உதவாது. இன்னும் மோசம், உச்சியைத் தொடுவதற்குள் வேகம் செத்துப்போய், பொறி மட்டும் முந்திக்கொண்டு விழுந்தால் வெடி பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் திருப்பி அடித்து கணுக்கால் வீங்கியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அதே ஃபிளைவீல்தான் போலீஸ் வேலைக்கும் உதவியது. 1950-களில் சென்னையில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய பிறகு ராணுவமும் போலீஸும் அதை விடவில்லை. அமைச்சர் வண்டிக்கு முன்னால் கிட்டத்தட்ட நடை வேகத்தில், ஆஃப் ஆகாமல், கிளட்ச்சைக் கருக்காமல் போக வேண்டும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அந்தக் கனமான சக்கரம்தான் ஓட்டித் தருகிறது.

மைசூருக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை திம்பம் மலைப்பாதையில் தெரியும். பண்ணாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு 27 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். எதிரே கரும்பு லாரி வந்து நடு வளைவில் வண்டி ஆஃப் ஆனால், பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வலது காலடியில் உள்ள நியூட்ரல் லீவரை மிதிப்பார்கள். முதல் கியரைத் தவிர எந்த கியரில் இருந்தாலும் நேராக நியூட்ரல் விழும். என்ன அழகான ஏற்பாடு! இப்போதைய வண்டிகளில் அதை ஏன் கைவிட்டார்களோ. அப்புறம் முள், லீவர், மிதி. எலுமிச்சம்பழம் கட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. முள்ளைப் பார்க்காமல் பழத்தை மட்டும் நம்புவதில்தான்.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கோவைப் பக்கம் கலங்கலில் பிறந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிப் பார்த்துத்தான் இன்ஜினைக் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்ட ஊரைச் சுற்றி இன்று தடுக்கி விழுந்தால் பொறியியல் கல்லூரி. ஆனால் இன்ஜின் பாடத்தில் தொண்ணூறு மார்க் வாங்கிய பையன் பாயின்ட் கேப், அதாவது பொட்டுகளின் இடைவெளி, வைத்துப் பார்த்ததில்லை. காயலான் கடையில் கிடக்கும் ஒரு இன்ஜினை வாங்கி லேபில் குறுக்கே அறுத்து வைக்க என்ன பெரிய நிதி வேண்டும்? நுழைவாயில் வளைவுக்கு ஆகும் செலவில் பத்து இன்ஜின் வாங்கலாம்.

தம்பி, நாளைக்கே செய்து பாருங்கள். கிக்கரைச் சுற்றச் சுற்ற முள் மைனஸிலேயே படுத்திருந்தால் பாயின்ட் திறக்கவில்லை; கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். நடுவிலேயே நின்றால் பொட்டுகள் கருகி அழுக்கேறியிருக்கலாம், அல்லது பேட்டரி காலி. முள் ஒழுங்காக ஆடியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். ஒன்று மட்டும், சாவியைப் போட்டபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சுட்டுப் பேட்டரியும் தீர்ந்துவிடும், அப்புறம் அப்புச்சி மிதித்தாலும் ஸ்டார்ட் ஆகாது.