மஞ்சளும் மிளகும்தானே, என்ன செய்துவிடும்?

கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த ஆச்சி வந்து நின்றார்கள். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட நாளிலிருந்து, பதினொரு ஆண்டுகளாக, இரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை எங்கள் கடையில்தான் வாங்குகிறார்கள். "எங்கேயும் இடிச்சுக்கிட்ட ஞாபகமே இல்ல தம்பி, கையெல்லாம் ஊமைக்காயம். தேய்க்க ஏதாச்சும் கொடு" என்று சேலைத் தலைப்பை ஒதுக்கிக் காட்டினார்கள். முழங்கைக்குக் கீழே மூன்று திட்டுகள், நாவல்பழ நிறத்தில். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்டேன். நான்கு நாளாக வருகிறதாம். வேப்பங்குச்சி குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார்களாம்.

நான் களிம்பு எதுவும் கொடுக்கவில்லை. கடைப் பையனைத் துணைக்கு அனுப்பி, ஆட்டோவில் ஏற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். அளவு அவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். வந்தது 7.2. அன்று மதியமே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

புதிதாக ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று காலையிலேயே மூன்று முறை கேட்டிருந்தேன். மூன்று முறையும் "ஒன்னுமே இல்லையே" என்றுதான் பதில். மாலையில் மருத்துவமனைக்குப் போய் நான்காம் முறை கேட்டபோது, மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கட்டில் ஓரத்தில் வைத்தார்கள். முட்டி வலிக்காகப் பெங்களூரிலிருக்கும் மூத்த மகன் இணையத்தில் வாங்கி அனுப்பியது. "இது மருந்தா தம்பி? மஞ்சளும் மிளகும்தானே?"

இந்த ஆண்டில் எனக்கு இது நான்காவது ஆள். முதல் மூவரும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் சொன்னார்கள். ஆகையால் இதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மருந்தியலில் முதுநிலைப் படிப்பை மூலிகைகளிலிருந்து வேதிப்பொருள் பிரிக்கும் துறையில் முடித்து, மூலிகை மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு, அப்பாவின் கடைக்குத் திரும்பியவன். நாட்டு மருந்தைப் பழிக்க வந்தவன் அல்லன். என் சம்பளமே அதில்தான் வந்தது.

"சமையலில் போடுவதுதானே" என்ற இந்த ஒரு வாதத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்த்துவிடுவோம். அந்த டப்பாவிலிருந்த கேப்சூல் ஒன்றைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். நம் வீட்டு மஞ்சள்தூளின் நிறம் அதில் இல்லை; செங்காவிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆரஞ்சு நிறம். மஞ்சளின் மணமும் இல்லை, ஏனென்றால் மணம் தரும் எண்ணெயைத் தயாரிப்பின்போதே நீக்கிவிடுகிறார்கள். விரலி மஞ்சளை அரைத்து, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, படிகமாக்கினால் நூறு கிலோவுக்கு மூன்று நான்கு கிலோ கையில் நிற்கும். குர்குமின் என்று டப்பாவில் போட்டிருப்பது அதுதான். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். இந்தக் கேப்சூலில் 95 சதவீதம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் மஞ்சள்தூளில் 30 மில்லிகிராம் குர்குமின். 500 மில்லிகிராம் கேப்சூல் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் நாளொன்றுக்கு 950 மில்லிகிராம். அதாவது முப்பது கிராமுக்கு மேல் மஞ்சள்தூள். கடையில் வாங்கும் நூறு கிராம் பொட்டலம் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு மாதம் வரும். ஆச்சி ஒருவராகவே அதை மூன்று நாளுக்கொரு முறை காலி செய்துகொண்டிருந்தார்கள். எந்த அப்பத்தா எந்தக் குழம்பில் இந்த அளவு மஞ்சள் போட்டார்? போட்டிருந்தால் அந்தக் குழம்பை நீங்கள் வாயில் வைத்திருப்பீர்களா?

இனி மிளகு. மஞ்சளைவிட இதுதான் எனக்குக் கவலை.

குர்குமினை எவ்வளவு விழுங்கினாலும் இரத்தத்தில் அது சேர்வது மிகக் குறைவு; குடலும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபெரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, அது உடலில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியதாக வெளியிட்டார்கள். அந்த 2000 என்ற எண்தான் இன்று எல்லா டப்பாக்களிலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவிலிருந்து கணக்கிட்ட பெருக்கம் அது என்பதை எந்த டப்பாவும் சொல்வதில்லை. அது போகட்டும். பைபெரின் அந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். மஞ்சளைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. உள்ளே வரும் வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. காவலாளியைக் கட்டிப்போட்டால் மஞ்சளோடு நின்றுவிடுமா? அதே வழியில் வெளியேற வேண்டிய மற்ற மாத்திரைகளும் உடலில் தங்கிவிடுகின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் தியோஃபிலின் ஆகிய மூன்றும் பைபெரினோடு சேரும்போது இரத்தத்தில் கூடுவதை மனிதர்களிடமே செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இதை நம் நாட்டு ஆய்வாளர்கள் நன்மைக்குப் பயன்படுத்தியும் காட்டியிருக்கிறார்கள். ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனத்தில், நம் சுக்கு, மிளகு, திப்பிலி என்ற திரிகடுகு ஏன் இத்தனை பழைய மருந்துகளில் இடம்பெறுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். ஓர் ஆயுர்வேதக் கையேட்டில் இருந்த 370 கூட்டு மருந்துகளில் 210-இல் திரிகடுகோ அதன் சரக்குகளில் ஒன்றோ இருந்ததாம். அந்த நூல் பிடித்துப் போய், பைபெரினைப் பிரித்து, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். 2009-இல் ரைசொரின் என்ற பெயரில் அனுமதி பெற்ற மருந்தில் பைபெரின் 10 மில்லிகிராம். வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதில் 200 மில்லிகிராம்தான். கவனியுங்கள்: மிளகைச் சேர்த்தவர்கள் மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று அறிய இரத்தத்தை அளந்து பார்த்தார்கள். நாம் மிளகை மட்டும் சேர்த்துக்கொண்டு, பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அளந்து பார்க்க யாரும் இல்லை.

"மிளகு ரசத்தில் இல்லாத பைபெரினா?" என்று இந்த இடத்தில் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரண்டு கை ரசம் ஊற்றிச் சாப்பிட்டால் கேப்சூலில் இருக்கும் அளவு பைபெரின் வந்துவிடக்கூடும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் வார்ஃபரின் போன்ற மருந்தில் மருத்துவர் அளவை நிர்ணயிப்பதே நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டின் மேல்தான். வாரம் மூன்று நாள் மிளகு ரசம், இரண்டு நாள் கீரை என்று இருப்பவருக்கு அந்தச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் ஐந்து மில்லிகிராம் என்று எழுதியிருப்பார். அதனால்தான் கீரையை அடியோடு நிறுத்தாதீர்கள், திடீரென்று கூட்டவும் கூட்டாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. பழகிய ரசம் அந்தத் தராசில் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. புதிதாக வந்த கேப்சூல் ஏறவில்லை. அதுவும் தனித்தெடுத்த பைபெரினும் ஒரு கிராம் அளவுக்குக் குர்குமினுமாக, தினமும் இருவேளை, மாத்திரை விழுங்கும் அதே தண்ணீரில். 2018-இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வார்ஃபரினில் சீராக இருந்த ஒருவருக்கு மஞ்சள் சேர்ந்த தயாரிப்பு ஒன்றைத் தொடங்கியபின் ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியதைச் சொல்லி எச்சரிக்கை விட்டது. ஆச்சியின் கதையில் குற்றவாளி இந்தக் கேப்சூல்தான் என்று ஒரே ஆளை வைத்து நான் மெய்ப்பித்துவிட முடியாது. ஆனால் பதினொரு ஆண்டுகளாக அசையாமல் நின்ற அளவு, டப்பா வந்த ஆறாவது வாரத்தில் அசைந்திருக்கிறது. மருந்தையோ சாப்பாட்டையோ வேறு எதையும் மாற்றவில்லை.

"நான் ஒரு வருஷமா சாப்பிடுறேன், எனக்கு ஒன்னும் ஆகலையே" என்பது அடுத்த வாதம். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று வெளியிட்டது, ஒருவர் இறந்துபோனார். அவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. உங்களிடம் அது இருக்கிறதா என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஆச்சி கேட்ட "இது மருந்தா?" என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர்கள் 'இங்கிலீஷ் மருந்து' என்று முகம் சுளித்து விழுங்கும் வார்ஃபரினின் பிறப்பே வைக்கோற்போரில்தான். வட அமெரிக்காவில் 1920-களில் பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனச் செடியைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளை 1939-இல் பிரித்தது. அதை ஒட்டி உருவாக்கிய வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாக வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாயிற்று. மாட்டைக் கொன்றதும் ஆச்சியின் வால்வைக் காப்பதும் ஒரே இனத்துப் பொருள். இதில் எது இயற்கை, எது செயற்கை என்று பிரித்துக் கொடுக்க என் படிப்பு போதவில்லை.

நல்ல சித்த வைத்தியர்கள் இதையெல்லாம் அறிந்தவர்கள். ஒரே சூரணத்தைத் தேனில் கொடுப்பதா, நெய்யில் கொடுப்பதா, வெந்நீரில் கொடுப்பதா என்று அனுபானத்தை மாற்றுகிறவர்கள், சேரும் பொருள் மருந்தின் போக்கையே மாற்றும் என்று தெரிந்துதானே மாற்றுகிறார்கள்? பத்தியம் சொல்கிறார்கள், நாள் கணக்குச் சொல்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற ஊரில், நாள் கணக்கே இல்லாமல், நாடி பார்க்காமல், கூரியரில் வருவதற்கு நாட்டு வைத்தியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்த வகைக் கேப்சூல்களில் பெரும்பாலானவற்றில் பதினான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அது உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண். மருந்து உரிமம் அன்று. பக்கத்திலேயே பொடி எழுத்தில், மருந்துப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் போட வேண்டும் என்பது விதி. சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அதற்கு மருந்துச் சட்டத்தின் கீழ் தனி உற்பத்தி உரிமம் இருக்கும். இரண்டும் இல்லாத பொட்டலமாக இருந்தால் யார் அன்போடு கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரத்தம் உறையாமைக்கான மருந்து, வலிப்பு மருந்து, காசநோய் மருந்து, உறுப்பு மாற்றியவர்களுக்கான மருந்து ஆகியவற்றைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கேப்சூலையும் தொடவே கூடாது. இதில் பேரம் இல்லை. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிடப் பெரிய ஆபத்து. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் லேகியம், சூரணம், பொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எதையாவது சாப்பிட்டுக் கேடு வந்திருந்தால் மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024. ஒரு தடவை கூப்பிடுவதில் கௌரவம் குறைந்துவிடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் எதை அனுப்பினாலும், அனுப்புவதற்கு முன்னால் அவர்கள் மருந்துச் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து உள்ளூர் மருந்துக்கடைக்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

ஆச்சியின் மகன் மூன்றாம் நாள் பேசினார். முதலில் கோபம்தான். "மஞ்சளைப் போய்க் குறை சொல்றீங்களே அண்ணே" என்றார். அவரிடமிருந்த இன்னொரு டப்பாவை எடுத்து அந்தப் பொடி எழுத்தைப் படிக்கச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப முட்டி வலிக்கு என்னதான் கொடுக்கிறது?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏனென்றால் கடைகளில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவையும் வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு உண்டாக்கக்கூடியவை. மருத்துவர் அளவு சொல்லிப் பாராசிட்டமாலும் தொடைத் தசைக்கு உடற்பயிற்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆச்சி அதோடு தவிட்டு ஒத்தடமும் கொடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மருத்துவரும் தடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. போன வாரம் ஐ.என்.ஆர். 2.9. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அந்த மஞ்சள் பையில் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.